கடல்மீன் தொட்டி: முதல் சில மாதங்களில் நடக்கும் தவறுகள்

கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரை விட்டுவிட்டு மீனைத்தான் முதலில் பார்க்கிறார்கள். சென்னை கொளத்தூர் பக்கம் போனால் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி கிளவுன் மீன் கண்ணில் படும். அன்றைக்கே தொட்டி, உப்பு, மீன் மூன்றும் வீட்டுக்கு வந்துவிடும். அந்த மீன் பிழைப்பது கஷ்டம்.

மீனின் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. அதை நைட்ரைட்டாகவும், அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனே வேண்டாம். தொட்டியில் கொஞ்சம் அமோனியா சேர்த்து, டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை பொறுங்கள். நடுவில் மணல்மேல் பழுப்பாக ஒரு படலம் படியும். அது டயட்டம் பாசி, தானாகவே போய்விடும். பயந்துபோய் எல்லாவற்றையும் கழுவிக் கொட்டினால் பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும்.

'கடல்தான் பக்கத்திலேயே இருக்கிறதே, இரண்டு கேன் மொண்டு வந்தால் என்ன?' என்று சென்னைக்காரர்களுக்குத் தோன்றும். கூவமும் அடையாறும் கலக்கிற கரையோரத் தண்ணீர் அது. வடகிழக்குப் பருவமழையில் அதன் உப்பும் குறைந்துவிடும். போர் தண்ணீரில் கடல்மீன் தொட்டிக்கான உப்புப் பொடியைக் கலப்பதும் சரிவராது. நைட்ரேட், சிலிகேட் எல்லாம் கூடவே வந்து பாசிக்கு உரமாகும். சமையலறை ஆர்.ஓ.வை நம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல மெஷின்களில் ருசிக்காக ஆர்.ஓ.வில் வடிகட்டாத தண்ணீரையும் கொஞ்சம் கலக்கிறார்கள். ஆர்.ஓ.வுக்குப் பிறகு மிச்சமிருக்கும் தாதுக்களையும் பிடித்துவைக்கும் டி.ஐ. ரெசினும் வைத்து, கரைந்திருக்கும் பொருட்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டுகிற தண்ணீரில்தான் உப்பைக் கலக்க வேண்டும். அதையும் தனி வாளியில் கலக்குங்கள், மீன் இருக்கும் தொட்டியில் நேராகக் கொட்டாதீர்கள்.

அதிகம் பேர் சறுக்குவது ஆவியாதலில்தான். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. 100 லிட்டர் தொட்டியில் தினம் 2 லிட்டர் குறைகிறது என்று வையுங்கள். கவனிக்காமல் விட்டால் ஒரே வாரத்தில் லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 40-ஐத் தாண்டிவிடும். குறைந்துபோன அளவுக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றுகிறவர்களும் உண்டு. அதனால் உப்பு ஏறிக்கொண்டேதான் போகும். தினமும் உப்புக் கலக்காத ஆர்.ஓ.-டி.ஐ. தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். வசதியிருந்தால், குறைந்த தண்ணீரைத் தானாகவே நிரப்பும் ஆட்டோ டாப்-அப் கருவி வாங்குங்கள். விலை உயர்ந்த விளக்கைவிட அதுதான் முதலில் வேண்டும் என்பேன். உப்பை அளக்க மிதவை ஹைட்ரோமீட்டரைவிட, ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் நல்லது.

நம் ஊர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். தொட்டியில் பவளமும் வளர்ப்பதானால் அதற்கு 25, 26 டிகிரி தோது. மே மாதத்தில் அறையே 34-ல் இருக்கும், அதன்மேல் பம்பும் விளக்கும் சூடேற்றும். மேலே சின்ன ஃபேன் வைத்தால் ஓரளவு குளிரும், ஆனால் தண்ணீர் இன்னும் வேகமாகக் குறையும். சென்னைப் புழுக்கத்தில் அந்தக் குளிர்ச்சியும் குறைவுதான். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரோ ஏ.சி. அறையோ இல்லாமல் கோடையில் பவளம் வளர்க்க நினைப்பது வீண் செலவு. கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

மீன் தேர்விலும் அழகு ஏமாற்றும். மாண்டரின் மீன் கோப்பிபாட் என்ற நுண்ணிய கடல் உயிர்களைத் தின்று வாழ்வது. புதுத் தொட்டியில் அவை இருக்காது, மீன் பட்டினியில் சாகும். ப்ளூ டாங் 30 சென்டிமீட்டர் வரை வளரும், சின்னத் தொட்டி அதற்குச் சிறை. மீன்மேல் வெள்ளைப் புள்ளி கண்டதும் தாமிர மருந்தைப் பவளத் தொட்டியிலேயே ஊற்றுவது பெரிய தப்பு. இறால், நத்தை, பவளம் எல்லாம் செத்துப்போகும். சிகிச்சையைத் தனித் தொட்டியில் செய்யுங்கள்.

மன்னார் வளைகுடாவிலிருந்து யாராவது பவளமோ, உயிர்க்கல்லோ (பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் வாழும் கடல் கல்) கொண்டுவந்து தருகிறேன் என்றால் வாங்காதீர்கள். கடினப் பவளங்கள் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை, கடல்குதிரையும் அதே சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பதுதான். வெளுத்துக் கரை ஒதுங்கிய பவளத்தைப் பொறுக்கி வைப்பதும் குற்றம்.

தொடங்குகிறவர்களுக்கு பவளத்துக்கு உறவான ஜோயாந்தஸ் என்ற மென்மையான உயிரைக் கைகாட்டுவார்கள், லேசில் சாகாது என்பதால். அதைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. அது ஒட்டிய கல்லைச் சுத்தம் செய்யக் கொதிக்க வைத்து, ஆவியைச் சுவாசித்த குடும்பங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கின்றன.