மாடு எழுந்திருக்கல, என்ன கொடுக்கலாம் சார்? – கால்நடை மருத்துவர்கள் தொடர்கல்வியில் சறுக்கும் இடங்கள்

காலை ஏழு மணிக்குக் கால்நடை மருத்துவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் விழுகிறது. தொழுவத்தில் படுத்துக் கிடக்கும் கலப்பினப் பசு. கீழே ஒரே வரி: "எழுந்திருக்கல, என்ன கொடுக்கலாம் சார்?" அடுத்த பத்து நிமிடத்தில் பதில்கள் குவிகின்றன. கால்சியம் என்கிறார் ஒருவர், பாஸ்பரஸ் என்கிறார் இன்னொருவர், டெக்ஸா (ஸ்டீராய்டு ஊசி) போட்டுப் பாருங்கள் என்கிறார் மூன்றாமவர். எல்லாருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்லும் அளவுக்கு யார் கையிலும் தகவல் இல்லை.

கன்று ஈன்று எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதில் தொடங்குகிறது சிக்கல். ஈன்ற இரண்டு மூன்று நாளுக்குள் படுத்து, உடல் சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்து வைத்திருக்கும் மாடு, ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் பால்காய்ச்சல் மாடாக இருக்கலாம். பெயரில்தான் காய்ச்சல், உடல் வெப்பம் குறைந்துதான் இருக்கும். ஆனால் கடும் மடிநோயின் நச்சு ரத்தத்தில் கலந்த மாடும் இதே நாட்களில் இதே போலச் சில்லிட்டுப் படுக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது நான்கு காம்பிலிருந்தும் பீய்ச்சிப் பார்க்கும் பால். தண்ணீராகவோ திரிதிரியாகவோ வந்தால் கதை வேறு. நச்சு ஏறிய இதயத்துக்குள் 450 மில்லி கால்சியம் போரோகுளுக்கோனேட்டை வேகமாக ஏற்றினால் மாடு கண்முன்னே செத்துப்போகும். பெரிய கன்றை இழுத்து எடுத்த பிறகு படுத்த மாட்டுக்கு இடுப்பு நரம்பு நசுங்கியிருக்கும், அல்லது தொடை எலும்பு மூட்டிலிருந்து விலகியிருக்கும். அதற்குக் கால்சியத்தால் ஒன்றும் ஆகாது.

ஆகவே குழுவில் கேட்கும் முன் கையில் இருக்க வேண்டியவை: இனம், வயது, எத்தனையாவது ஈற்று, ஈன்ற தேதியும் நேரமும், ஈற்று எளிதா கடினமா, தினசரிப் பால் அளவு. பிறகு உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, இரண்டு நிமிடத்தில் அசைபோடும் வயிறு எத்தனை முறை அசைந்தது, கண் இமையின் உட்பக்க நிறம், பால், கருப்பைக் கசிவு, சாணம். ஏற்கெனவே போட்ட மருந்து, எத்தனை மில்லிகிராம், எந்த வழியில், எப்போது. கடைசியாக உங்கள் சந்தேகம் என்ன, எது இடிக்கிறது. இவ்வளவையும் எழுதும்போதே பாதிப் பேருக்குப் பதில் கிடைத்துவிடும். மீதிப் பேருக்குக் கிடைக்கும் பதிலாவது அந்த மாட்டுக்கான பதிலாக இருக்கும்.

கால்சியம் ஏற்றும் முன் 5 மில்லி ரத்தம் எடுத்து வைக்காததும் இதோடு சேர்ந்த தவறுதான். பாட்டில் இறங்கிய பிறகு எடுத்த ரத்தத்தில் வரும் கால்சியம் அளவு மாட்டுடையதல்ல, பாட்டிலுடையது. மாடு எழுந்துவிட்டால் ரத்தம் தேவைப்படாமல் போகலாம். எழாவிட்டால் அந்த 5 மில்லிதான் மறுநாள் விவாதத்துக்கு அடிப்படை. ஏற்றும்போது ஒரு கை ஸ்டெதாஸ்கோப்பில் இருக்கட்டும். பாட்டில் காலியாகக் கால் மணி நேரம் பிடித்தால் நல்லது. துடிப்பு தாறுமாறானால் உடனே நிறுத்த வேண்டும்.

மில்லியில் சொல்லும் டோஸ்

குழுக்களில் மிக ஆபத்தான பதில் "ஒரு மில்லி போதும் சார்" என்பதுதான். மயக்க ஊசியான சைலசின் சந்தையில் மில்லிக்கு 20 மில்லிகிராமாகவும் கிடைக்கிறது, 100 மில்லிகிராமாகவும் கிடைக்கிறது. 300 கிலோ மாட்டுக்குக் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் வீதம் 15 மில்லிகிராம் வேண்டும். முதல் பாட்டிலில் அது 0.75 மில்லி, இரண்டாவதில் 0.15 மில்லி. முதல் பாட்டிலை மனதில் வைத்து ஒருவர் சொன்ன 0.75 மில்லியை இரண்டாவது பாட்டிலிலிருந்து உறிஞ்சினால் ஐந்து மடங்கு போய்விடும். குதிரைக்குச் சொல்லும் அளவை மாட்டுக்குப் போடுவது அதைவிடப் பெரிய விபத்து: மாடு சைலசினுக்குக் குதிரையைவிட ஏறக்குறைய பத்து மடங்கு எளிதில் மயங்கும். சினை முற்றிய மாட்டில் கருப்பை சுருங்கும் அபாயமும் உண்டு.

வலிநிவாரணி மெலாக்சிகமிலும் இதே கதை. மில்லிக்கு 5 மில்லிகிராம், 20 மில்லிகிராம் என இரண்டு வலிமைகள். 300 கிலோ மாட்டுக்கு 0.5 மில்லிகிராம் வீதம் 150 மில்லிகிராம் என்றால் ஒன்றில் 30 மில்லி, மற்றதில் 7.5 மில்லி. இங்கே தவறு பெரும்பாலும் எதிர்த்திசையில் நடக்கும். குறைவாகப் போட்டுவிட்டு "மருந்து வேலை செய்யல" என்று எழுதிவிடுவார்கள்.

பதில் சொல்பவர் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்லட்டும், மில்லியாக மாற்றும் கணக்கைக் கேட்டவர் தன் கையிலுள்ள பாட்டிலைப் பார்த்துப் போடட்டும். இதை விதியாக வைத்துக்கொண்ட குழுக்களில் பேச்சின் தரமே வேறாக இருக்கிறது. எடையையும் கண்ணால் மதிப்பிட வேண்டாம். நெஞ்சுச் சுற்றளவை நாடாவால் அளக்க ஒரு நிமிடம் போதும்.

தானாகக் குணமானதை மருந்தின் கணக்கில் எழுதுவது

மழைக்குப் பின் மாடுகளுக்கு மூன்று நாள் காய்ச்சல் வரும். முதல் நாள் கடும் காய்ச்சல், நொண்டல், உமிழ்நீர் ஒழுகல். மூன்றாம் நான்காம் நாளில் பெரும்பாலான மாடுகள் தாமாக எழுந்து தீனி தின்னும். இந்த நோயில் எந்த மருந்தைப் போட்டாலும் "இரண்டாம் நாளே எழுந்துடுச்சு" என்று சொல்லிக்கொள்ள முடியும். அனுபவப் பகிர்வு என்ற பெயரில் சுற்றும் பல "கை கண்ட மருந்துகள்" இப்படிப் பிறந்தவைதான். ஊசி போடாத பக்கத்துத் தொழுவத்து மாடு எப்போது எழுந்தது என்று ஒரு கேள்வி போதும், பாதி உரிமைகோரல் கரைந்துவிடும்.

மருந்துக் கம்பெனி நடத்தும் ஓட்டல் கூட்டங்களையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். சாப்பாட்டில் குற்றமில்லை. திரையில் காட்டிய ஆய்வு எந்த விலங்கில் நடந்தது, ஒப்பிட்டது எந்த மருந்தோடு, மருந்து கொடுக்காத பிரிவு இருந்ததா, எத்தனை விலங்குகள், யார் பணம் என்ற ஐந்தையும் எழுந்து கேட்காமல் வருவதுதான் குற்றம். பால் நிறுத்தக் காலம், அதாவது மருந்துக்குப் பின் பாலை விற்கக் கூடாத காலம், எத்தனை நாள் என்பதை ஆறாவதாகக் கேளுங்கள். பால்காரருக்கு அதுதான் முதல் கேள்வி.

மாதிரியைக் கெடுத்துவிட்டு ஆய்வகத்தைத் திட்டுவது

மடிநோய்க்கு "எந்த ஆன்டிபயாடிக்?" என்று கேட்கும் பத்துப் பேரில் பால் மாதிரி அனுப்பியவர் ஒருவர் இருந்தால் அதிசயம். அனுப்பியவரும் இரண்டு நாள் ஊசி போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறார்; பிறகு "வளர்ச்சி இல்லை" என்று அறிக்கை வந்தால் ஆய்வகத்தின் மேல் கோபம். ஆன்டிபயாடிக்குக்கு முன், முதல் சில பீய்ச்சல்களை விட்டுவிட்டு, காம்பு நுனியை 70 சதவீத ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, அது காய்ந்த பின், கிருமி நீக்கிய குழாயைச் சாய்த்துப் பிடித்து 3 முதல் 5 மில்லி. மூடியைத் தரையில் வைக்கக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே போய்ச் சேர வேண்டும்.

திசு மாதிரிக்கு 10 சதவீத ஃபார்மலின் என்றால் கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, நீர் அல்லது பஃபர் ஒன்பது பங்கு. முழுச் சிறுநீரகத்தை ஊறுகாய் பாட்டிலில் அமுக்கி அனுப்பினால் வெளியே இறுகும், உள்ளே அழுகும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டாம், திசுவைப் போலப் பத்து மடங்கு திரவம் வேண்டும். வாய் அகன்ற பாட்டிலாக எடுங்கள். இறுகிய திசு குறுகிய கழுத்து வழியே வெளியே வராது.

படங்களிலும் இந்தக் கவனக்குறைவு உண்டு. எக்ஸ்ரேயை ஒரே கோணத்தில் எடுத்து, ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படமாக அனுப்பினால் எலும்பு முறிவு மறைந்துவிடும். இரண்டு கோணம், இடது வலது குறி, படமாக அல்லாமல் டாக்குமெண்ட்டாக. படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும். நொண்டும் மாட்டுக்குப் புகைப்படம் பயனில்லை. சமதரையில் நடக்கவிட்டு முன், பின், பக்கவாட்டில் பத்துப் பத்து நொடி வீடியோ.

சான்றிதழ் வந்தது, கை வரவில்லை

மாநிலக் கால்நடை மருத்துவ மன்றப் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருப்பதால், கடைசி ஆண்டில் பயிற்சி முகாம்களைத் தேடி ஓடும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. பன்றி வளர்ப்பே இல்லாத வட்டாரத்தில் பணிபுரிபவர் பன்றிக் காய்ச்சல் வகுப்பில் உட்கார்ந்திருப்பார். அதைவிட, உங்கள் பதிவேட்டை எடுத்துக் கடந்த ஆறு மாதத்தில் அதிகம் வந்த நோய்கள் ஐந்தையும், இறந்துபோன அல்லது மேல்சிகிச்சைக்கு அனுப்பிய கேஸ்களையும் எழுதிப் பாருங்கள். எந்தப் பயிற்சி தேவை என்று அந்தப் பட்டியலே சொல்லும்.

செய்முறைப் பயிற்சிக்குப் போய்வந்தவர்கள் பலர் முதல் கேஸை மூன்று மாதம் கழித்துத்தான் எடுக்கிறார்கள். அதற்குள் கை மறந்துவிடும். மாட்டுக்கு அல்ட்ராசவுண்டில் சினை பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 30 நாளில் பார்த்துச் சொல்லலாம் என்று வகுப்பில் கற்கிறோம். திரும்பிய வாரமே, சினை ஊசி போட்ட தேதி உறுதியாகத் தெரிந்த மாடுகளாகப் பொறுக்குங்கள். முதலில் 40, 45 நாள் ஆனவை, பிறகு 35, கடைசியில் 30. ஒவ்வொன்றுக்கும் சினை, காலி, சந்தேகம் என மூன்றில் ஒன்றை அன்றே நோட்டில் எழுதிவிட்டு, 60 நாளில் ஆசனவாய் வழியே கையை விட்டுச் சினை பார்த்து ஒப்பிடுங்கள். முப்பது மாடு ஆனதும் உங்கள் துல்லியம் என்ன என்பது உங்களுக்கே தெரியும். பொருந்தாதவை எல்லாம் உங்கள் பிழை அல்ல. இடையில் கரு கலைந்தவையும் இருக்கும். அதனால்தான் 30 நாளில் சினை என்று சொன்ன மாட்டை மறுபடி பார்க்காமல் விடக் கூடாது.

பழைய நோட்டு

கல்லூரிக் காலக் குறிப்பேடு பலருக்கு வேதம். அதில் கீட்டோபுரோஃபன் என்ற வலிநிவாரணி இருக்கிறதா என்று பாருங்கள். அதே வகை மருந்தான டைக்ளோஃபெனாக் கால்நடைக்கு 2006இல் தடை செய்யப்பட்டது. மனித மருந்தின் பெரிய குப்பிகள் மாட்டுக்குத் திரும்புவதைத் தடுக்க 2015இல் அதன் ஊசிக் குப்பி 3 மில்லியாகக் குறுக்கப்பட்டது. கீட்டோபுரோஃபனும் அசெக்ளோஃபெனாக்கும் 2023இல் தடைக்குள் வந்தன. அசெக்ளோஃபெனாக் மாட்டின் உடலில் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. அந்த மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகு சிறுநீரகம் செயலிழந்து சாகிறது. மாயாறு பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் எஞ்சியிருப்பதால் நீலகிரி, ஈரோடு பக்கத்து மருத்துவர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. மெலாக்சிகமும் டோல்ஃபனாமிக் அமிலமும் கழுகுக்குத் தீங்கற்றவை எனச் சோதித்து அறியப்பட்டவை. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கும் 2019இல் இருந்து உணவுக்கான விலங்குகளுக்கும் கோழித் தீவனத்துக்கும் கூடாது. ஒவ்வொரு குறிப்பின் மேலும் எழுதிய ஆண்டைப் போட்டு வைத்தால் எது பழையது என்று பார்த்தவுடன் தெரியும்.

குழுவில் பேசக் கூடாதவை

"முன்னாடி பார்த்த டாக்டர் கெடுத்துட்டார்" என்ற வரியோடு வரும் கேஸ்களை நிர்வாகி அப்போதே நிறுத்த வேண்டும். மூன்றாம் நாள் பார்ப்பவருக்குத் தெரியும் அறிகுறி முதல் நாள் பார்த்தவருக்குத் தெரிந்திருக்காது. சக மருத்துவரை எப்படி நடத்த வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டின் தொழில் நடத்தை ஒழுங்குமுறைகளிலேயே இருக்கிறது. உரிமையாளரின் முகம், வீட்டுப் பெயர், காதுத் தோட்டின் எண் ஆகியவை படத்தில் தெரியாமல் வெட்டிவிடுங்கள்.

முடிவைச் சொல்லாமல் போவது எல்லாக் குழுக்களிலும் உள்ள நோய். குணமானால் நன்றி என்று ஒரு கும்பிடு, செத்தால் மௌனம். கேஸ் போட்டவர் ஏழாம் நாள் ஒரு வரி எழுதட்டும். இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனையில் கண்டது என்ன என்றும் எழுதட்டும். கற்பதற்கு அதைவிட உகந்த பாடம் கிடையாது.

ஆனால் திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத ரத்தம் கசியும் மாட்டை அறுக்கவே கூடாது. அது அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். திறந்தால் காற்றுப் பட்டு வித்தாகும் கிருமி பல ஆண்டுகள் மண்ணில் கிடக்கும். காது ரத்தக்குழாயிலிருந்து எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிய ஒரு ரத்தப் பூச்சு போதும், அதுவும் கையுறை போட்டு. அதைப் படமெடுத்துக் குழுவில் "என்னவா இருக்கும்?" என்று கேட்பதற்கு முன் துறை மேலதிகாரிக்கு ஃபோன் போக வேண்டும். 2009ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தில் அடைப்பானும் கோமாரியும் அறிவிக்க வேண்டிய நோய்கள். குழுவில் விழுந்த படம் மாலைக்குள் ஊர் சந்தைக்கும் போய்விடும். அதைப் பார்த்து பயந்து இரவோடு இரவாக ஓட்டிச் செல்லப்படும் மாடுகள் நோயையும் கூடவே கொண்டுபோகும்.