ஷாம்ராக் உறங்குகிறது, சாகவில்லை: வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

ஊதா ஷாம்ராக் என்பது ஆக்சாலிஸ் என்னும் செடி வகையைச் சேர்ந்த, அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் செடி. அதன் இலைகள் மாலையில் தொங்குவதைப் பார்த்துப் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் அந்தத் தண்ணீரால்தான் செடி அழுகுகிறது. வெளிச்சம் குறைந்ததும் மூன்று சிற்றிலைகளும் குடை மடங்குவதுபோல் மடங்கிவிடும். தூங்குமூஞ்சி மரம் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது. காலை வெளிச்சம் பட்டதும் தானே விரியும். நண்பகலிலும் மடிந்தே கிடந்தால் மட்டும் கவலைப்படுங்கள். வெயில் கடுமையாக இருக்கலாம், மண் காய்ந்திருக்கலாம். விரலால் மண்ணைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, இலைகள் எல்லாம் பழுத்து உதிர்ந்ததும் தொட்டியைக் கவிழ்த்துவிடுவது. என் முதல் செடியை நான் அப்படித்தான் இழந்தேன். குப்பையில் கொட்டிய மண்ணில், சின்னஞ்சிறு பைன் காய்கள் போல செதில் செதிலான கிழங்குகள் உறுதியாக இருந்ததை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. அவை உயிரோடு இருந்தன. நன்றாக வளர்ந்து களைத்த பிறகும், வெப்பம் ஏறும்போதும் இந்தச் செடி ஓய்வெடுக்கும். அப்போது தண்ணீரை நிறுத்தி, தொட்டியை நிழலுக்கு மாற்றுங்கள். சில வாரங்களில் புதுத் துளிர் தலைகாட்டும். அதன் பிறகு தண்ணீர் தந்தால் போதும்.

ஆனால் எல்லா ஷாம்ராக்கும் ஒரே பருவத்தில் உறங்குவதில்லை. அதனால்தான் கையில் இருப்பது எது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஊதா இலை கொண்ட ஆக்சாலிஸ் ட்ரையாங்குலாரிஸ் பிரேசிலையும் அதன் அண்டை நாடுகளையும் சேர்ந்தது. சிற்றிலைகள் முக்கோண வடிவில் இருக்கும். பச்சை இலையும் வெள்ளைப் பூவும் கொண்ட வகையும் இதே இனம்தான். நான்கு சிற்றிலைகளும் நடுவில் கருஞ்சிவப்புக் கறையும் இருந்தால், அது மெக்சிகோவிலிருந்து வந்த 'அயர்ன் கிராஸ்', குளிர்காலத்தில் உறங்கும். மொட்டில் மிட்டாய்க் கோடுகள் போல் சிவப்பு வரி தெரியும் ஆக்சாலிஸ் வெர்சிகலர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தது. அது நேர்மாறாகக் குளிர்ந்த மாதங்களில் வளர்ந்து கோடையில் உறங்கும். அதற்குக் கோடையில் தண்ணீர் ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும்.

இவற்றில் எதுவும் அயர்லாந்தின் அடையாளமான உண்மையான ஷாம்ராக் அல்ல. ஐரிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குச் 'சிறு குளோவர்' என்று பொருள். குளோவர் என்பது மூன்று சிற்றிலை கொண்ட வேறொரு செடி வகை. எந்தச் செடியை மக்கள் ஷாம்ராக் என்கிறார்கள் என்று அறிய, அயர்லாந்துத் தாவர ஆய்வாளர் நதானியேல் கோல்கன் 1890-களின் தொடக்கத்தில் அந்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் செடிகளை வரவழைத்துப் பார்த்தார். வந்தவற்றில் பெரும்பாலானவை மஞ்சள் பூப் பூக்கும் சிறு குளோவரும் வெள்ளைக் குளோவரும்தான். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது எளிது. குளோவரின் சிற்றிலை முட்டை வடிவம். பூக்கள் கொத்தாக, உருண்டையாக இருக்கும். ஆக்சாலிஸ் இலையின் நுனியில் வெட்டுப் போன்ற பள்ளம் இருக்கும். பூ ஐந்து இதழ்.

நம் ஊர்ப் புளியாரையும் ஆக்சாலிஸ் குடும்பம்தான். நான்கு இலை என்பதால் ஆரைக்கீரையை அயர்ன் கிராஸ் என்று நினைப்பவர்களும் உண்டு. ஆரைக்கீரையோ பூவே பூக்காத நீர்ப் பெரணி. புளியாரையின் உறவு என்பதற்காக அலங்காரச் செடியைப் பறித்துத் துவையல் அரைக்க வேண்டாம். இலையின் புளிப்புக்குக் காரணம் ஆக்சாலிக் அமிலம். அது மிகுந்தால் சிறுநீரகக் கல் உள்ளவர்களுக்கு ஆகாது. பூனையும் நாயும் மேய்ந்துவிடாத உயரத்தில் தொட்டியை வையுங்கள்.

இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி தெரிந்தால் துருநோய். அந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். இலைமேல் தண்ணீர் தெளிப்பதையும் நிறுத்துங்கள்.

கடைசியாக, பெயர் தெரியாத ஆக்சாலிஸைத் தோட்ட மண்ணில் நடாதீர்கள். இளஞ்சிவப்புப் பூப் பூக்கும் ஆக்சாலிஸ் லாடிஃபோலியா நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் பிடிவாதமான களை. பிடுங்கினால் குட்டிக் கிழங்குகள் மண்ணுக்குள் உதிர்ந்து, ஒன்று பத்தாகும். தொட்டியின் பழைய மண்ணைக் கொட்டும் முன்பும் ஒருமுறை சலித்துவிடுங்கள்.