காளான் கறியும் கலோரிக் கணக்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் கடைகளில் பைக்கற்றாக விற்கும் சிப்பிக் காளானை, உடம்பு குறைக்க நினைப்பவர்கள் நம்பி வாங்குகிறார்கள். நம்புவதில் பிழையில்லை. பச்சைச் சிப்பிக் காளான் 100 கிராமில் ஏறக்குறைய 33 கலோரிதான். வெள்ளை மொட்டுக் காளானில் 22. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். ஆனால் அது காளானின் கணக்கு, கறியின் கணக்கு அல்ல.

200 கிராம் காளானில் 66 கலோரி. இரண்டு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் விட்டதும் 240 சேர்கிறது. கட்டியான முதற்பால் அரைக் கப் விட்டால் இன்னும் 250 அளவில். கறி 550ஐத் தாண்டிவிட, அதில் காளானின் பங்கு எட்டில் ஒன்றுதான். மாவில் தோய்த்துப் பொரித்தெடுத்த டெவலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எண்ணெயை முதலில் விடுவதுதான் பெரிய பிழை. காளான் அதைப் பஞ்சுபோல உறிஞ்சிவிடும். தாச்சி காய்ந்து கிடப்பதைக் கண்டு கை மறுபடியும் போத்தலுக்குப் போகும். வெறும் தாச்சியைச் சூடாக்கிக் காளானைப் போட்டு, கொஞ்சம் உப்புத் தூவுங்கள். சில நிமிடங்களில் தண்ணீர் விட்டுச் சுருங்கி, அந்தத் தண்ணீரிலேயே வேகும். தண்ணீர் வற்றி ஓரம் சிவக்கத் தொடங்கும்போது, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால் போதும். பால்கறிதான் வேண்டுமென்றால் இரண்டாம் பாலில் வையுங்கள். ருசி குறையாது.

சிலர் காளானை அவித்துத் தண்ணீரை வடித்துக் கொட்டுகிறார்கள். நயாசின், ரைபோஃபிளேவின் முதலான பி விட்டமின்களும் பொட்டாசியமும் அதோடு போய்விடும். காளானில் வாங்கத் தக்கதே அவைதானே!

விட்டமின் டி காளானில் எப்போதும் நிறைய இருக்கிறது என்பதும் சரியல்ல. இருட்டறையில் வளர்ந்ததில் மிகக் குறைவு. நறுக்கி, மத்தியான வெயிலில் கால் மணி முதல் அரை மணி நேரம் வைத்தால், அதிலுள்ள எர்கோஸ்டெரோல் விட்டமின் டி2 ஆக மாறும். நமக்கு வெயிலுக்கா பஞ்சம்? கண்ணாடி ஜன்னலுக்குள் வைத்தால் மட்டும் பலனில்லை.

விரத நாளில் மீனுக்குப் பதில் காளான் என்று வைப்பவர்களுக்கு ஒன்று: 100 கிராம் சூரையில் 20 கிராமுக்கு மேல் புரதம், காளானில் 3 கிராம் அளவுதான். பி12 இல்லை என்றே சொல்லலாம். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சோறும் காளானும் மட்டும் கொடுக்காதீர்கள். கூடவே பருப்போ கடலையோ சோயாவோ இருக்கட்டும். முட்டை சாப்பிடுகிற வீடென்றால், விரதமில்லாத நாளில் ஒரு முட்டையும்.