இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம்: செலவில்லாமல் உடம்பைத் தேற்ற ஒரு செய்முறை

உடம்பைக் கவனிக்க வேண்டும் என்று தோன்றியதும் சென்னையில் பலரும் இரண்டில் ஒன்றைச் செய்கிறோம். ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தைக் கட்டுகிறோம். இல்லையென்றால் நாளை முதல் விடியற்காலையில் மெரினாவில் நடப்பேன் என்று வீட்டில் அறிவிக்கிறோம். கொளத்தூரிலிருந்து கடற்கரைக்குப் போய்த் திரும்பி, குளித்து, அலுவலகத்துக்கும் கிளம்புவது எத்தனை நாள் நடக்கும்? கீழே உள்ளவை வீட்டை விட்டு வெளியே போகாமலே செய்யக்கூடியவை. என் வீட்டில் நிலைத்து நிற்பவற்றை மட்டுமே எழுதுகிறேன்.

முதலில் நடை

இரவு சாப்பிட்டு முடித்ததும் மொட்டை மாடியில் பத்து நிமிடம் நடங்கள். வேர்க்க வேண்டியதில்லை. பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறும் அளவு குறைகிறது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகம் சர்க்கரை நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. ஒரே மூச்சில் அரை மணி நேரம் நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடப்பது கூடுதல் பலன் தந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின்தான் வித்தியாசம் அதிகம். தோசையும் சாதமும் சாப்பிட்டு அப்படியே சாய்ந்துவிடும் நமக்கு இது மிகவும் பொருந்தும்.

சறுக்கும் இடம்

நடப்பது கடினமில்லை, எழுவதுதான் கடினம். சாப்பிட்டதும் "இந்தச் சீரியல் முடியட்டும்" என்று சோபாவில் உட்கார்ந்தால் அன்றைய நடை போயிற்று. என்னை நெடுநாள் இழுத்தடித்தது இந்த இடம்தான். மன உறுதி கைகொடுக்கவில்லை, வரிசையை மாற்றியது கைகொடுத்தது. சாப்பிட உட்காரும் முன்பே மாடிச் சாவியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கை கழுவிய ஈரம் காயும் முன் செருப்பை மாட்டுங்கள். நடுவில் எங்கும் உட்காரக் கூடாது, போனையும் எடுக்கக் கூடாது.

ஹவாய் செருப்பு வேண்டாம். தண்ணீர்த் தொட்டி வழிந்த இடத்தில் வழுக்கும். குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த செருப்பே நல்லது. கத்திரி வெயில் நாட்களில் இரவிலும் தளம் அனலாக இருக்கும். மாலையிலேயே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவைத்தால் கொஞ்சம் தணியும். ஸ்மார்ட் வாட்ச் தேவையே இல்லை. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் நடந்த நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். வீட்டிலுள்ள எல்லோர் கண்ணிலும் அது படும், வாட்ச் உங்களுக்கு மட்டும்தான் தெரியும்.

நாற்காலி

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாட்களாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. இரண்டாவதை நாம் கண்டுகொள்வதே இல்லை. கையை ஊன்றாமல் நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் நழுவும் என்பதால் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். முழங்கால் வலிப்பவர்கள் தலையணை வைத்து உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

எண்ணெயும் உப்பும்

பாட்டிலைச் சாய்த்து ஊற்றும்வரை எண்ணெய் குறையாது. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்பது மருத்துவர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. நான்கு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டரை ஒன்றாம் தேதியே தனியே எடுத்துவையுங்கள். வடையும் பஜ்ஜியும் அதற்குள்தான். உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. சாதம் வடிக்கும்போது போடும் உப்பை நிறுத்திப் பாருங்கள், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

பின்சேர்க்கை

"எல்லோரும் சாப்பிட்ட பிறகு நான் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடிக்கவே பத்து மணி. நான் எப்போது நடப்பது?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய விஷயம். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள், பாத்திரங்களைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டுச் சேர்ந்தே மாடிக்குப் போங்கள். திரும்பி வந்ததும் ஆளுக்குக் கொஞ்சமாகக் கழுவலாம். வீட்டுப் பெண்கள் நடக்காமல் மற்றவர்கள் மட்டும் நடக்கும் ஏற்பாட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நடுக்கம், திடீர் வியர்வை, தலைசுற்றல் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். சட்டைப் பையில் நாலைந்து குளுக்கோஸ் மாத்திரைகள் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வலியோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடி கிடைக்காது. குடியிருப்பின் தாழ்வாரமோ கார் நிறுத்துமிடமோ போதும். அதுவும் இல்லாதவர்கள் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே நடக்கலாம். எட்டு போடும் வடிவில் திரும்பினால் தலை சுற்றாது.