பேஸ் கிட்டாருக்கு ப்ரீஆம்ப் பெடல்: கடையில் எப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது?

பேஸின் சிக்னல் ஆம்புக்கோ மிக்சருக்கோ போகும் முன் அதை வலுப்படுத்தி டோனை மாற்றும் காலடிப் பெட்டிதான் ப்ரீஆம்ப் பெடல். ஒப்பிடும்போது முதல் வேலை, சத்தத்தைச் சமமாக்குவது. எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுதான் நல்ல பெடல் என்று காது சொல்லும், அதனால் பெடலைப் போட்டாலும் அணைத்தாலும் ஒரே அளவில் கேட்கும்படி லெவல் குமிழை வைத்துவிட்டு அப்புறம் டோனைப் பற்றி யோசியுங்கள். போன் ஸ்பீக்கரில் டெமோ கேட்டு முடிவெடுக்காதீர்கள். தடித்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ், போனில் அது வரவே வராது.

டெக் 21 சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவரின் பழைய மாடலில் மிட் குமிழே (நடுத்தர அதிர்வெண்களை ஏற்றி இறக்குவது) கிடையாது. தனியாக வாசித்தால் அருமை, டிரம்ஸும் கிட்டாரும் சேர்ந்ததும் பேஸ் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இரண்டாம் பதிப்பில் மிட் வந்துவிட்டது, 500 அல்லது 1000 ஹெர்ட்ஸ் என்று மாற்றிக்கொள்ளலாம், செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள்.

டார்க்கிளாஸ் பி7கே மெட்டல் வாசிக்கிறவர்களுக்கு. லோ மிட், ஹை மிட் தனித்தனி, கூடவே கிரன்ட், அட்டாக் சுவிட்சுகள் (கரகரப்பில் கீழ் ஒலி எவ்வளவு, மேல் ஒலி எவ்வளவு என்று மாற்ற). புதிதாக வாசிக்கிறவருக்குத் தலை சுற்றும். பேட்டரியும் போட முடியாது.

எளிமைதான் முக்கியமென்றால் என் ஓட்டு எம்எக்ஸ்ஆர் எம்80-க்கு. டிஸ்டார்ஷனுக்கு, அதாவது கரகரப்பான ஒலிக்கு, தனிக் கால் சுவிட்ச், பாட்டு நடுவில் குனிய வேண்டாம்.

எதுவானாலும் எல்லாக் குமிழ்களையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். டிரைவை (கரகரப்பின் அளவு) ஏற்றி அடித்தளம் மெலிந்தால் பிளெண்டைக் (சுத்தமான ஒலியோடு பெடலின் ஒலியைக் கலக்கும் குமிழ்) குறையுங்கள். மிக்சரில் இணைத்ததும் உர்ர் என்று இரைந்தால் கிரவுண்ட் லிஃப்டை (மிக்சருக்குப் போகும் கிரவுண்ட் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) அழுத்திப் பாருங்கள்.