பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன்

எந்தக் கார்டு என்று தேடுவதற்கு முன் கேபினெட்டைத் திறந்து பவர் சப்ளையின் லேபிளைப் படியுங்கள். யார் யோசனை கேட்டாலும் நான் முதலில் கேட்பது அந்த லேபிளின் போட்டோவைத்தான். மொத்த வாட் பெரிதாகத் தெரியும். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்பதே முக்கியம். பவர் சப்ளையில் கார்டுக்கான 6 பின், 8 பின் ஒயர் இல்லையென்றால், மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடும் கார்டுதான் சரி: ஜிடிஎக்ஸ் 1650, 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 போன்றவை. 1650-இல் சில மாடல்கள் தனி ஒயர் கேட்கும். வாங்குமுன் படத்தைப் பெரிதாக்கி கார்டின் விளிம்பில் அந்த ஒயருக்கான சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 கார்டை பழைய மதர்போர்டுக்கு நான் சொல்லவே மாட்டேன். அதற்கு டேட்டா போகும் பாதை (லேன்) 4-தான், பழைய போர்டின் பிசிஐஇ 3.0 ஸ்லாட்டில் டேட்டா போகும் வேகம் பாதியாகி, கார்டின் 4 ஜிபி மெமரி நிறைந்ததும் கேம் திக்கித் திணறும். இன்டெல்லின் ஆர்க் கார்டும் வேண்டாம், ரீசைஸபிள் பார் (ப்ராசஸர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இல்லாத போர்டில் அது வெகுவாகத் தடுமாறும்.

ஒல்லி கேபினெட்டா? உயரம் குறைந்த லோ ப்ரொஃபைல் கார்டுதான் நுழையும். நீளத்தையும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

ப்ராசஸர் பழைய 4 கோர் என்றால் பெரிய கார்டில் காசைக் கொட்டாதீர்கள், அதன் வேகத்துக்கு ப்ராசஸர் ஈடுகொடுக்காது. ரேம் 8 ஜிபிதான் என்றால், மிச்சப் பணத்தில் அதை 16 ஆக்குங்கள்.