போட்டிக்கு வந்த பாட்டுக்குக் கருத்து எழுதுவது எப்படி: புதிய நடுவர்களுக்கு ஒரு செய்முறை

வடசென்னையில் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, காசிமேடு ஆகிய பகுதிகளில் இருக்கும் நண்பர்கள் சிலர் சேர்ந்து இணையத்தில் ஒரு பாட்டெழுதும் போட்டியை நடத்தி வருகிறோம். சுற்றுக்கு ஒரு தலைப்பு கொடுப்போம். எழுதி, மெட்டமைத்து, பாடிப் பதிவுசெய்து அனுப்ப ஒரு வாரம் அவகாசம் உண்டு. அதன்பின் நடுவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் மதிப்பெண்ணுடன் எழுத்தில் கருத்தும் தர வேண்டும். அடுத்த சுற்றில் புதியவர்கள் சிலர் நடுவர்களாகச் சேர்வதால், நான் தவறு செய்து கற்றுக்கொண்ட முறையை அவர்களுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தத் தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் நடுவராக இருந்த முதல் சுற்றில், மீன்பிடித் துறைமுகத்தில் வேலை செய்யும் ஒரு தம்பி கடலுக்குப் போகும் அப்பாவைப் பற்றி ஒரு பாட்டு அனுப்பியிருந்தார். பல்லவி நெஞ்சில் நின்றது. சரணத்தில் ஏதோ இடறியது. எது இடறுகிறது என்று தேடிப் பார்க்கும் பொறுமை இல்லாமல், “சரணம் சரியாக அமையவில்லை, இப்படி எழுதியிருக்கலாம்” என்று சொல்லி, நானே எட்டு வரிகளை எழுதி அனுப்பிவிட்டேன். அவர் பணிவாக நன்றி சொன்னார். அடுத்த சுற்றில் அவர் அனுப்பிய பாட்டின் சொற்கள் என் சொற்களைப் போலவே இருந்தன. முதற்பாட்டில் இருந்த உப்புக்காற்று அதில் இல்லை. அதற்கடுத்த சுற்றில் அவர் பாட்டே அனுப்பவில்லை. பிறகு அந்த முதற்பாட்டை எடுத்து நிதானமாகக் கேட்டபோதுதான், சரணத்தில் இடறியது ஒரே ஒரு சொல் என்பது தெரிந்தது. அந்தச் சொல்லைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதற்படி: எல்லாப் பாட்டையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவருதல்

போட்டிக்கு வரும் பதிவுகளில் ஒன்று கணினியில் செம்மைப்படுத்தப்பட்டு ஓங்கி ஒலிக்கும். மற்றொன்று மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியில் மெல்லப் பாடியதாக இருக்கும். ஓரிரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் பாட்டையே காது சிறந்த பாட்டென்று எண்ணிக்கொள்ளும்; இது மனிதக் காதின் இயல்பு. ஆகவே கேட்கத் தொடங்கும் முன் ஒலி அளவைச் சமப்படுத்திவிடுங்கள். நான் பயன்படுத்துவது ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள். பாட்டை அதில் திறந்து, எஃபெக்ட் பட்டியலில் உள்ள ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ என்பதைத் தேர்ந்தால், மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். என்ற அளவு அதிலேயே தயாராக இருக்கும் (எல்.யு.எஃப்.எஸ். என்பது, பாட்டு காதுக்கு எவ்வளவு ஓங்கிக் கேட்கிறது என்பதை அளக்கும் அலகு). அதை மாற்ற வேண்டியதில்லை. ஒவ்வொரு பாட்டையும் அந்த அளவுக்குக் கொண்டுவந்து தனிக் கோப்பாகச் சேமித்துக்கொண்டால் போதும். ஒலி சற்றுக் குறைவாகத் தோன்றினால், ஹெட்ஃபோனின் ஒலியை ஒருமுறை கூட்டிவிட்டுக் கடைசிப் பாட்டுவரை அதைத் தொடாதீர்கள்.

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்டு மதிப்பிடாதீர்கள். தாழ்ந்த ஒலிகளை அது ஏறக்குறைய விழுங்கிவிடும். டோலின் கனமான தட்டு ஒலிக்கும் இடத்தில் வெறும் சத்தம்தான் கேட்கும். கானாப் பாட்டுக்கு அந்தத் தட்டே முதுகெலும்பு. வயர் உள்ள சாதாரண ஹெட்ஃபோன் ஒன்று போதும். விலையுயர்ந்தது வேண்டாம், எல்லாப் பாட்டையும் அந்த ஒன்றிலேயே கேட்பதுதான் முக்கியம்.

இரண்டாம் படி: மூன்று முறை கேட்டல்

முதன்முறை பேனாவும் வேண்டாம், பாடல் வரிகளும் வேண்டாம். கேட்பவராக மட்டும் இருங்கள். முடிந்தவுடன், எந்த வரி நினைவில் நிற்கிறது என்பதை மட்டும் எழுதுங்கள். எதுவும் நிற்கவில்லை என்றால் அதையும் எழுதி வையுங்கள். இரண்டாம் முறை, கவனம் சிதறிய இடத்தையும் மனம் நிமிர்ந்த இடத்தையும் நிமிடம், நொடி கணக்கோடு குறியுங்கள். காரணம் தெரிய வேண்டியதில்லை. இடம் தெரிந்தால் போதும். மூன்றாம் முறைதான் வரிகளைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, குறித்த இடங்களில் என்ன நடந்தது என்று தேட வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வரிகளை முதலில் படித்துவிட்டால், காதில் விழாத சொல்லையும் மனமே நிரப்பிக்கொள்ளும். கேட்பவருக்குச் சொல் தெளிவாக விழுந்ததா என்பதை அதன்பின் உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது.

குறிப்பெடுக்க எனக்குக் கோடு போட்ட நோட்டுப் புத்தகமே பிடிக்கும். கைப்பேசியில் குறித்தால், பாட்டு ஓடும்போதே வேறு செய்தி வந்து விழுகிறது.

மூன்றாம் படி: இடறிய இடத்தின் காரணத்தைக் கண்டறிதல்

நான் தடுக்கி விழுந்த படி இதுதான். அந்தத் தம்பியின் சரணத்தில் 1 நிமிடம் 12ஆம் நொடியில் வந்த வரி, “வலையை விடு, அலையைத் தொடு” என்பது. எழுத்தில் குறையே இல்லை. ஆனால் மெட்டு, ‘விடு’ என்ற சொல்லின் முதலெழுத்தில் நீண்டு நின்றதால், காதில் விழுந்தது “வலையை வீடு”. கேட்பவர் ஒரு நொடி, எந்த வீடு என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்திலேயே அடுத்த வரி கடந்துபோய்விடுகிறது. முழுச் சரணமும் பழுதென்று நான் நினைத்தது இந்த ஒரு நொடியால்தான்.

தமிழில் மெட்டுக்கு எழுதும் எவரும் இதைக் கவனித்தாக வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை என்பது இலக்கணம் வகுத்த அளவு. பாடும்போது இந்த அளவு அப்படியே இருக்காது. இசை அதை நீட்டும், சுருக்கும். ஆனால் குறில் நெடிலாகும்போது பொருளே மாறிவிடும் சொற்கள் நம் மொழியில் ஏராளம். விடு வீடாகும், எடு ஏடாகும், கொடு கோடாகும், படம் பாடமாகும். மாறாக, ஏற்கெனவே நெடிலாக இருக்கும் எழுத்தை எவ்வளவு நீட்டினாலும் பொருள் மாறாது. உயிரளபெடை என்று இலக்கணம் பேசுவதும் நெடில் தன் அளவைக் கடந்து நீள்வதைத்தான். எனவே, மெட்டு நீண்டு நிற்கும் இடத்தில் நெடில் இருக்கிறதா என்று பார்க்கப் பழகிக்கொண்டால், தொடக்க நிலைப் பாடல்களில் ‘ஏதோ சரியில்லை’ என்று தோன்றும் பல இடங்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பாட்டின் சொற்களை மறந்துவிட்டு, அந்த வரியின் மெட்டை மட்டும் ‘தன தானா’ என்று தத்தகாரத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதை ஒரு வரியிலும், அதற்கு நேர்க்கீழே பாடலின் சொற்களையும் எழுதுங்கள். ‘தா’, ‘னா’ போன்ற நெடில் விழும் இடத்துக்குக் கீழே குறில் நின்றால் அந்த எழுத்தைச் சுற்றி வட்டமிடுங்கள். வட்டமிட்ட எல்லாமே குறை என்று எண்ண வேண்டாம்; நீட்டினாலும் பொருள் மயங்காத சொல் என்றால் விட்டுவிடலாம். பொருள் மாறும் சொல்லை மட்டும் கருத்தில் குறிப்பிடுங்கள்.

அடுத்தது சொல் உடைவது. தாளத்தின் இடைவெளி சொல்லின் நடுவில் விழும்போது சொல் இரண்டாகப் பிளந்து, பக்கத்துச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். “மீனவன் வலை” என்பதை ஒருவர் “மீன… வன்வலை” என்று பாடியிருந்தார். மீனவன் மறைந்து, வன்மையான வலை ஒன்று வந்துவிட்டது. யாப்பில் இதற்கு வகையுளி என்று பெயருண்டு. கருத்தில் அந்தப் பெயரை எழுதத் தேவையில்லை, நடந்ததைச் சொன்னாலே எழுதியவருக்குப் புரியும்.

எதுகை, மோனை எண்ணிக்கையில் நான் நேரம் செலவழிப்பதில்லை. வரியின் முடிவில் ஓசை ஒன்ற வேண்டும் என்பதற்காக அலை, விலை, சிலை என்று அடுக்கிக்கொண்டே போகும்போது, பாட்டுக்குத் தொடர்பே இல்லாத சிலை உள்ளே நுழைந்துவிட்டதா என்பதை மட்டும் பார்ப்பேன்.

குரல் உச்சத்தில் இழுபடுவதாகத் தோன்றினால், பாடகரைக் குறை சொல்வதற்கு முன் அவர் எடுத்துக்கொண்ட சுருதியைக் கவனியுங்கள். 2 கட்டையில் பாடியவர் 1 கட்டைக்கு இறங்கினால் அதே சரணம் இயல்பாக வரக்கூடும். பாடிப் பார்த்துச் சொல்வது நல்லது.

நான்காம் படி: எதைக் குறை என்று சொல்லக் கூடாது

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ‘வந்துகினு’ என்றும் ‘இன்னா’ என்றும் ‘குந்து’ என்றும் எழுதுவார்கள். இதைப் பிழையென்று திருத்திய நடுவர்கள் உண்டு. அந்தச் சொற்கள் பாட்டின் உடல்; அவற்றை எடுத்துவிட்டு ‘வந்துகொண்டு’ என்று வைத்தால் தாளமும் போகும், பேசும் ஆளும் போய்விடுவார். சாவு வீட்டில் இரவெல்லாம் பாடும் மரண கானாவிலிருந்து வளர்ந்த மரபு இது. இறந்தவரைப் பற்றியும் வாழ்வைப் பற்றியும் உறவுக்காரர்கள் பேசும் மொழியிலேயே பாடப்பட்டதால்தான் அது நெஞ்சுக்குள் போகிறது. 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடையில் ஒலித்தன. அதன்பிறகும் ஒருவர் கானாவை ராப்போடு கலந்தார் என்பதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பதில் நியாயமே இல்லை.

ஆனால் ஒன்றைக் கேட்கலாம். பல்லவி வட்டார வழக்கில் பேசி, காரணமே இல்லாமல் சரணம் செந்தமிழுக்குத் தாவினால், பாடும் ஆள் மாறிவிட்டாரா என்ற மயக்கம் கேட்பவருக்கு வரும். “இங்கே பேசுபவர் வேறொருவரா?” என்று கேளுங்கள். வேண்டுமென்றே செய்திருந்தால் அவர் பதில் சொல்வார். கவனிக்காமல் செய்திருந்தால் கவனிப்பார்.

பதிவின் தரமும் இப்படித்தான். ரயில் பாதையை ஒட்டிய வீடுகளில் இருப்பவர்களும், கண்டெய்னர் லாரிகள் இரவெல்லாம் போகும் சாலையில் இருப்பவர்களும் எங்கள் போட்டியில் பாடுகிறார்கள். சொல் கேட்காத அளவுக்கு இரைச்சல் இருந்தால் மட்டும், எந்த நொடியில் எந்தச் சொல் மறைந்தது என்று எழுதுங்கள். நாங்கள் மதிப்பிடுவது பாட்டை.

ஐந்தாம் படி: எழுதுதல்

ஒவ்வொரு கருத்திலும் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: எந்த இடம், என்ன கேட்டது, கேட்டபோது எனக்கு என்ன ஆயிற்று. அந்தத் தம்பிக்கு நான் அன்று எழுதியிருக்க வேண்டியது இதுதான்:

“பல்லவியில் ‘அப்பா போன திசையில அடுப்புப் புகை போவுது’ என்ற வரி, ஒருமுறை கேட்டதிலேயே மனத்தில் நின்றுவிட்டது. கடலையும் வீட்டையும் அந்தப் புகை இணைப்பதால், காத்திருப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டிய தேவையே எழவில்லை. 1 நிமிடம் 12ஆம் நொடியில் ‘விடு’ என்பது ‘வீடு’ என்று என் காதில் விழுந்தது. அங்கே நான் தயங்கியதால் அடுத்த வரியைத் தவறவிட்டேன். மெட்டு நீளும் அந்த இடத்தில் நெடில் உள்ள சொல் ஒன்று வந்தால் இது தீரலாம். எந்தச் சொல் என்பது உங்கள் முடிவு.”

பாராட்டும் இடம் சுட்டியே வர வேண்டும் என்பதை இதில் கவனியுங்கள். ‘அருமை, தொடர்ந்து எழுதுங்கள்’ என்பது யாருக்கும் எதையும் கற்றுத்தராது. எது அருமை என்று தெரியாதவர் அடுத்த பாட்டில் அதையே நீக்கிவிடக்கூடும். மாற்றுச் சொல் தர வேண்டும் என்ற ஆசை வரும்போது, ஒரு சொல்லுக்கு மேல் போகாதீர்கள். அதையும் எழுதியவர் கேட்டால் மட்டுமே கொடுங்கள். ஒரு பாட்டுக்கு இரண்டு குறைகள் போதும். கேட்பவரை அதிகம் தடுத்த இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்.

மதிப்பெண்ணைக் கருத்து எழுதிய பிறகு போடுங்கள். முன்பே போட்டுவிட்டால், அந்த எண்ணை நியாயப்படுத்தவே கருத்து வளையும். எல்லாப் பாட்டையும் முடித்த பிறகு, முதலில் கேட்ட மூன்றையும் மீண்டும் கேளுங்கள். தொடக்கத்தில் நம் அளவுகோல் இன்னும் நிலைபெற்றிருக்காது. என் குறிப்புகளில் முதல் மூன்று பாட்டுகளின் மதிப்பெண்தான் பெரும்பாலும் மாறியிருக்கிறது.

பிற்சேர்க்கை 1: கருத்தைக் குரல்பதிவாக அனுப்பலாமா என்று ஒரு நடுவர் கேட்டார். குரலில் கனிவு தெரியும் என்பது உண்மை. ஆனால் பாட்டைத் திருத்த உட்காரும்போது, எந்த நொடி என்று தேட எழுத்துதான் வசதி. எழுத்தில் அனுப்பிவிட்டு, வேண்டுமானால் பேசவும் செய்யுங்கள். தத்தகாரத்தை மட்டும் குரலில் பாடி அனுப்புவது மிகுந்த பயன் தருகிறது.

பிற்சேர்க்கை 2: எழுதியவர் மறுத்துப் பேசினால் என்ன செய்வது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ‘எனக்கு அப்படிக் கேட்டது’ என்பதை யாராலும் மறுக்க முடியாது. ‘இது தவறு’ என்று எழுதியிருந்தால்தான் வாக்குவாதம் வரும். அவர் விளக்கம் தந்தால் படித்துவிட்டு, அந்த விளக்கத்தோடு பாட்டை மறுபடி ஒருமுறை கேளுங்கள். அப்போதும் அதே இடத்தில் இடறினால் அதை ஒரே வரியில் தெரிவித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். இடறவில்லையென்றால் உங்கள் கருத்தைத் திருத்தி அனுப்புங்கள். நான் இருமுறை அப்படித் திருத்தியிருக்கிறேன்.

பிற்சேர்க்கை 3: கருத்துகளை எப்போது அனுப்புவது என்பதை எழுத மறந்துவிட்டேன். அடுத்த சுற்றின் தலைப்பு அறிவிக்கப்படும் முன் அனுப்பிவிட வேண்டும். தலைப்பு வந்துவிட்டால் பிள்ளைகளின் மனம் புதுப்பாட்டுக்குப் போய்விடும். காசிமேட்டுத் தம்பிக்கு மேலே உள்ள கருத்தை மிகவும் தாமதமாக, மன்னிப்புக் கேட்டு, அண்மையில்தான் அனுப்பினேன். ‘விடு’ இருந்த இடத்தில் என்ன சொல் வைக்கப்போகிறார் என்று அவர் இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.